வந்தால், வந்தால்தான், வந்தாலும்: நிபந்தனைக் கூற்று பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் மாலை வகுப்பு நடத்துகிறேன். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளும் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும் ஒரே பெஞ்சில் உட்காருவார்கள். தருக்கம் தொடங்கியதும் வருஷா வருஷம் அதே சந்தேகங்கள்தான் வரும். கேட்டவர்கள் சொன்ன மாதிரியே கேள்விகளை எழுதி, என் பதிலையும் சேர்த்திருக்கிறேன். பாதிக்கு மேற்பட்ட குழப்பம் "தான்" என்ற ஒரு சின்ன ஒட்டில் இருக்கிறது என்பது இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்ததில் நான் கண்டது. அதனால் அந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேசியிருக்கிறேன்.

சார், நிபந்தனைக் கூற்றுன்னா என்ன? ஒரு வரியில சொல்லுங்க.

"இது நடந்தால் அது நடக்கும்" என்ற அமைப்பில் வரும் வாக்கியம்.

குற்றாலத்தில் சாரல் நேரத்தில் எல்லோரும் சொல்வதை எடுத்துக்கொள்வோம் (ஆர்ச் என்பது அருவியின் பாதுகாப்பு வளைவு): "பேரருவியில் ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால், குளிக்க விட மாட்டார்கள்." இதில் "ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழுகிறது" என்பது முற்கூறு. "குளிக்க விட மாட்டார்கள்" என்பது பிற்கூறு. இரண்டையும் கட்டும் கயிறு அந்த "ஆல்".

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த வாக்கியம் இன்றைக்குத் தண்ணீர் விழுகிறது என்று சொல்லவில்லை. குளிக்கத் தடை இருக்கிறது என்றும் சொல்லவில்லை. கோடையில் பாறை காய்ந்து கிடக்கும் நாளிலும் இது மெய்யான வாக்கியம்தான். இரண்டுக்கும் நடுவில் உள்ள தொடர்பை மட்டும் சொல்லிவிட்டு விலகிக்கொள்கிறது.

தமிழில் இந்தக் கயிறுக்குப் பல வடிவம் உண்டு: வந்தால், வரின், வருமானால், என்றால், எனில், ஆயின். பழைய இலக்கணத்தில் "செயின்" என்னும் வாய்பாட்டு வினையெச்சம் என்று படித்திருப்பீர்கள். அதே சங்கதிதான்.

இது எப்போ மெய், எப்போ பொய்?

விக்கிரமசிங்கபுரத்தில் இருக்கும் ஒரு மாமா, ஊர்க் கோயில் திருவிழாவான கொடைக்கு மருமகளைப் போனில் கூப்பிடுகிறார்: "மருமவளே, இந்த வருசம் கொடைக்கு வந்தா ஒனக்குப் பட்டுப்பாவாடை எடுத்துத் தாரேன்."

நடக்கக்கூடியவை நான்கு. பிள்ளை வந்தாள், மாமா எடுத்துக் கொடுத்தார்: சொன்ன சொல் நின்றது. பிள்ளை வந்தாள், மாமா கொடுக்கவில்லை: சொல் தவறிவிட்டார். பிள்ளை வரவில்லை, பாவாடையும் இல்லை: யாரும் மாமாவைக் குறை சொல்ல முடியாது. பிள்ளைக்குப் பரீட்சை, வர முடியவில்லை. மனசு கேட்காமல் மாமா துணியை யாரிடமோ கொடுத்தனுப்பிவிட்டார்: இப்போதும் அவர் சொல் தவறவில்லை. வராவிட்டால் என்ன செய்வேன் என்று அவர் வாய் திறக்கவே இல்லையே.

ஆக, முற்கூறு மெய்யாகி பிற்கூறு பொய்யாகும் அந்த ஓர் இடத்தில் மட்டுமே நிபந்தனைக் கூற்று பொய். மற்ற மூன்று இடத்திலும் மெய். மெய் அட்டவணை என்று நீங்கள் மனப்பாடம் செய்வது இவ்வளவுதான்.

கிரேக்க நாட்டில் மெகாராவைச் சேர்ந்த ஃபிலோ, கிறிஸ்துவுக்கு முன் 300 வாக்கிலேயே இந்த வரையறையைச் சொன்னார். அவருக்குப் பாடம் சொன்ன டயோடோரஸ் அதை ஏற்கவில்லை. எந்தக் காலத்திலும் பொய்யாக முடியாததாக இருந்தால்தான் மெய் என்றார். இந்தச் சண்டை ஊரெல்லாம் பரவி, "எந்த நிபந்தனைக் கூற்று மெய் என்று கூரை மேல் காக்கைகள்கூடக் கரைகின்றன" என்ற பொருளில் கலிமாகஸ் என்ற கவிஞர் எழுதினார். உங்களுக்கு மட்டும் இது புரியவில்லை என்று வருத்தப்பட வேண்டாம்.

முற்கூறு பொய்யா இருந்தா மொத்த வாக்கியமும் மெய்னு சொல்றது ஏமாத்து மாதிரி இருக்கே?

வகுப்பில் மிக அதிகமாக வரும் கேள்வி இது. நல்ல கேள்வியும் கூட. மாமா கதை பாதிதான் உதவும். சொல் தவறவில்லை என்பது வேறு, வாக்கியம் மெய் என்பது வேறு அல்லவா என்று ஒரு பிள்ளை என்னை மடக்கியிருக்கிறாள். அதனால் எண்களுக்கு வருவோம்.

"ஓர் எண் 10-ஆல் வகுபட்டால், 5-ஆலும் வகுபடும்." இது மெய்யா? மெய் என்று எல்லோரும் ஒத்துக்கொள்வீர்கள். எல்லா எண்ணுக்கும் மெய்யா? ஆமாம், விதிவிலக்கே இல்லை.

சரி, 20-ஐப் போடுவோம். 10-ஆல் வகுபடும், 5-ஆலும் வகுபடும்: மெய், மெய். 15-ஐப் போடுங்கள். 10-ஆல் வகுபடாது, 5-ஆல் வகுபடும்: பொய், மெய். 7-ஐப் போடுங்கள். இரண்டாலும் வகுபடாது: பொய், பொய். எல்லா எண்ணுக்கும் இந்த வாக்கியம் மெய் என்று நீங்களே இப்போதுதான் சொன்னீர்கள். அப்படியானால் 15-க்கும் 7-க்கும் அது மெய்யாக இருந்தே ஆக வேண்டும். அட்டவணையில் அந்த இரண்டு வரியையும் "மெய்" என்று போட்டதற்குக் காரணம் இதுதான். "பொய்" என்று போட்டிருந்தால் கணக்கில் ஒரு பொது விதிகூட நிற்காது. 7 என்ற எண் வந்து எல்லாவற்றையும் தள்ளிவிடும்.

மிச்சமிருக்கும் வரி, முற்கூறு மெய்யாகவும் பிற்கூறு பொய்யாகவும் சேர்வது, எந்த எண்ணைப் போட்டாலும் வரவே வராது. 10-ஆல் வகுபட்டு 5-ஆல் வகுபடாத ஓர் எண்ணை ஒருவர் கொண்டு வந்தால் அன்றைக்கு விதி உடையும். விதியை உடைக்கும் வழி அது ஒன்றுதான்.

மறுதலை, எதிர்மறை, எதிர்மறுதலை… மூணும் குழம்புது.

ஒரே ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு நகராமல் உட்காருங்கள். தெளிந்துவிடும்.

மூலக் கூற்று: "ஒரு வீடு பாளையங்கோட்டையில் இருந்தால், அது திருநெல்வேலி மாவட்டத்தில் இருக்கிறது." மெய்.

இரண்டு பாதியையும் இடம் மாற்றினால் மறுதலை: "ஒரு வீடு திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தால், அது பாளையங்கோட்டையில் இருக்கிறது." அம்பாசமுத்திரத்துக்காரர் உடனே எழுந்து நிற்பார். பொய்.

இடம் மாற்றாமல் இரண்டையும் மறுத்தால் எதிர்மறை: "ஒரு வீடு பாளையங்கோட்டையில் இல்லாவிட்டால், அது திருநெல்வேலி மாவட்டத்தில் இல்லை." அதே அம்பாசமுத்திரத்துக்காரர் மறுபடியும் எழுந்திருப்பார். இதுவும் பொய்.

இடமும் மாற்றி, இரண்டையும் மறுத்தால் எதிர்மறுதலை: "ஒரு வீடு திருநெல்வேலி மாவட்டத்தில் இல்லாவிட்டால், அது பாளையங்கோட்டையில் இல்லை." இதை மறுக்க ஆளே இல்லை. மெய்.

மறுதலையையும் எதிர்மறையையும் கவிழ்த்தது ஒரே அம்பாசமுத்திரத்து வீடு. அது தற்செயல் இல்லை. அவை இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்மறுதலை; வாழ்ந்தால் சேர்ந்து வாழும், விழுந்தால் சேர்ந்து விழும்.

2019 நவம்பர் 22-க்கு முன்னால் "தென்காசியில் இருந்தால் திருநெல்வேலி மாவட்டத்தில் இருக்கிறது" என்பதும் மெய்தான். அன்று தென்காசி தனி மாவட்டம் ஆனது, வாக்கியம் பொய்யானது. வடிவம் மாறவில்லை, உலகம் மாறியது.

பெயர்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மறுதலை என்ற சொல் பத்தாம் வகுப்பு வடிவியலிலேயே நிலைத்துவிட்டது. மற்ற இரண்டுக்கும் புத்தகத்துக்குப் புத்தகம் பெயர் மாறலாம். தேர்வில் பெயரை நம்பாமல் அம்புக்குறியையும் மறுப்புக் குறியையும் பாருங்கள். மூலம் "க → ச" (க நடந்தால் ச நடக்கும்) என்றால், "ச → க" மறுதலை. இரண்டுக்கும் முன்னால் மறுப்புக் குறி மட்டும் சேர்ந்தால் எதிர்மறை. திருப்பியும் மறுத்தும் இருந்தால் எதிர்மறுதலை.

எதிர்மறுதலை மட்டும் ஏன் மூலத்தோட ஒத்துப்போகுது?

மூலக் கூற்று எங்கே உடையும்? "க" மெய்யாகி "ச" பொய்யாகும் இடத்தில். எதிர்மறுதலை எங்கே உடையும்? "ச அல்ல" மெய்யாகி "க அல்ல" பொய்யாகும் இடத்தில். அதாவது "ச" பொய், "க" மெய். அதே இடம். உடையும் இடம் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒரே சொல்.

இதை மேற்கே இருந்து வந்த சரக்கு என்று நினைக்க வேண்டாம். மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நூல் சொல்லிக்கொடுக்கும் இடம் இருக்கிறது. மலையில் புகை தெரிகிறது, ஆகவே நெருப்பு உண்டு, அடுக்களையில் பார்த்ததுபோல. இது ஒரு பக்கம். நெருப்பில்லாத இடத்தில் புகையும் இல்லை, நீரில் பார்ப்பதுபோல. இது மறுபக்கம். "புகை இருந்தால் நெருப்பு" என்பதை "நெருப்பு இல்லாவிட்டால் புகை இல்லை" என்று திருப்பிப் பார்ப்பதுதான் எதிர்மறுதலை. சாத்தனார் காலத்துக் காப்பியத்தில், கதைக்கு நடுவில், இவ்வளவு நுட்பமாகத் தருக்கம் வந்திருப்பது எனக்கு இன்றும் வியப்பு.

மறுதலை அங்கேயும் செல்லாது. "நெருப்பு இருந்தால் புகை இருக்கும்" என்று சொல்ல முடியாது. கொல்லன் உலையிலிருந்து இடுக்கியில் எடுக்கும் பழுத்த இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. பழைய தருக்க நூலார் காட்டிய எடுத்துக்காட்டும் இதுவே.

நம் ஊருக்கு வந்தால், குறுக்குத்துறை முருகன் கோயிலைப் பாருங்கள். ஆற்றுக்குள் இருக்கும் கோயில் அது. "கோயிலுக்குள் ஆற்றுத் தண்ணீர் புகுந்தால், தாமிரபரணியில் வெள்ளம்." எதிர்மறுதலை: "தாமிரபரணியில் வெள்ளம் இல்லாவிட்டால், கோயிலுக்குள் ஆற்றுத் தண்ணீர் புகவில்லை." ஆனால் கோயிலுக்குள் தண்ணீர் புகவில்லை என்ற ஒரே காரணத்துக்காக வெள்ளமே இல்லை என்று முடிவு கட்டிக் குளிக்க இறங்கக் கூடாது. அது எதிர்மறை. மூலம் மெய்யாக இருப்பதால் எதிர்மறையும் மெய்யாகிவிடாது. இங்கே தருக்கத்தில் தவறினால் உயிரே போகும்.

கணக்குல எதிர்மறுதலையால என்ன லாபம்?

நேராகப் போக முடியாத இடத்துக்குச் சுற்றிப் போகலாம். "ஓர் எண்ணின் வர்க்கம் இரட்டை என்றால், அந்த எண்ணும் இரட்டை." வர்க்கத்திலிருந்து எண்ணுக்கு இறங்குவது கஷ்டம். திருப்புங்கள்: "எண் ஒற்றை என்றால், அதன் வர்க்கமும் ஒற்றை." ஒற்றையை ஒற்றையால் பெருக்கினால் ஒற்றைதானே. முடிந்தது.

"மழை பெய்தால் நான் வர மாட்டேன்." இதைத் திருப்பினா "நான் வந்தால் மழை பெய்யாது"ன்னு வருது. நான் என்ன வருண பகவானா?

சிரிப்பு வந்தாலும் கேள்வி ஆழமானது. தருக்கத்தில் "ஆல்" காரணத்தைச் சொல்லவில்லை, காலத்தையும் சொல்லவில்லை. நம் பேச்சுத் தமிழில் "ஆல்" வந்தால் முன்னது காரணம், பின்னது விளைவு என்று காது தானாக எடுத்துக்கொள்கிறது. திருப்பும்போது காரணமும் விளைவும் தலைகீழாகிவிட்டதுபோலத் தோன்றுகிறது.

இப்படித் திருப்பிப் பழகுங்கள்: "நான் வந்திருக்கிறேன் என்றால், மழை பெய்யவில்லை என்று அர்த்தம்." "என்றால்… என்று அர்த்தம்" என்ற சட்டத்துக்குள் போட்டதும் அது விளைவிலிருந்து பின்னோக்கிப் போகும் ஊகம் ஆகிவிடுகிறது. பொருள் சரியாக உட்காரும். எதிர்மறுதலை எழுதும்போதெல்லாம் இந்தச் சட்டத்தைப் பயன்படுத்தச் சொல்கிறேன்.

எல்லாருக்கும் மறுதலை மெய்னுதான் தோணுது. ஏன்?

ஏனென்றால் மனிதர்கள் அப்படித்தான் பேசுகிறார்கள். மாமா "கொடைக்கு வந்தா பாவாடை" என்று சொன்னபோது மருமகள் காதில் என்ன விழுந்தது? "வராட்டா பாவாடை கிடையாது" என்பதும் சேர்ந்தே விழுந்தது. மாமாவும் அப்படி விழ வேண்டும் என்றுதான் சொன்னார். வராவிட்டாலும் தருவதாக இருந்தால் அந்த நிபந்தனையை எதற்குப் போடப் போகிறார்? பேச்சில் இது நியாயமான ஊகம். மைக்கேல் கைஸ், ஆர்னால்ட் ஸ்விக்கி என்ற இரண்டு மொழியியலாளர்கள் 1971-இல் இதைப் பற்றி எழுதினார்கள். புல்லை வெட்டினால் ஐந்து டாலர் தருவேன் என்று சொன்னால், வெட்டாவிட்டால் தர மாட்டேன் என்று கேட்பவர் தானாகச் சேர்த்துக்கொள்கிறார் என்பது அவர்கள் காட்டியது. சொன்னவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, கேட்டவரை அழைத்துப் போய்விட்டார்.

ஆகவே நீங்கள் மறுதலையை நம்புவது புத்திக் குறைவால் அல்ல. பேச்சின் பழக்கத்தைத் தருக்கத்துக்குள்ளும் கொண்டுவந்துவிடுகிறீர்கள். தருக்கம் சொல்லப்பட்டதை மட்டும் எடுத்துக்கொள்ளும். அழைத்துப் போகும் இடத்துக்கெல்லாம் வராது.

"ஆல்", "ஆல்தான்", "ஆலும்" மூணுக்கும் என்ன வித்தியாசம்?

இதற்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன்.

வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருக்கும் ஒரு விவசாயியை நினைத்துக்கொள்ளுங்கள். கார் சாகுபடிக்குப் பாபநாசம் அணைத் தண்ணீரைத்தான் நம்பியிருக்கிறார். அவர் சொல்லும் வாக்கியம் இது: "அணை தெறந்தாத்தான் நடவு." மேல்மடையில், தலைமடைக்குப் பக்கத்தில் இருக்கும் இன்னொருவர் சொல்கிறார்: "அணை தெறந்தா நடவு."

இரண்டும் ஒன்று போலக் கேட்கும். அம்பு எதிரெதிர் திசையில் பாய்கிறது.

மேல்மடைக்காரர் சொல்வது: திறப்பு → நடவு. திறந்துவிட்டால் போதும், நட்டுவிடுவேன். திறக்காவிட்டால் என்ன செய்வார் என்று சொல்லவில்லை. கிணற்றுத் தண்ணீரில் நட்டாலும் நடுவார்.

கடைமடைக்காரர் சொல்வது: நடவு → திறப்பு. என் வயலில் நாற்று நிற்பதைப் பார்த்தால், அணை திறந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். திறக்காமல் நடவு இல்லை. ஆனால் திறந்ததும் நட்டுவிடுவேன் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை. கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர வேண்டும், ஆள் கிடைக்க வேண்டும், விதை வேண்டும்.

"தான்" என்ற ஒட்டு அம்பைத் திருப்பிவிட்டது. "க நடந்தால்தான் ச" என்பதைக் குறியீட்டில் "ச → க" என்று எழுத வேண்டும். பிள்ளைகள் பத்தில் எட்டுப் பேர் "ஆல்" எங்கே ஒட்டியிருக்கிறதோ அதையே முற்கூறாக எழுதிவிடுவார்கள். "தான்" இருந்தால் நிற்க வேண்டும். நின்று, "இது இல்லாமல் அது இல்லை" என்று ஒருமுறை மாற்றிச் சொல்லிப் பார்த்துவிட்டு எழுத வேண்டும்.

"தான்" எங்கே ஒட்டுகிறது என்பதும் முக்கியம். "அணை திறந்தால்தான் நடுவேன்" என்பது நிபந்தனையைத் தொடுகிறது. "அணை திறந்தால் நான்தான் நடுவேன்" என்றால் ஆளைத் தொடுகிறது. வேறு யாரும் நட மாட்டார்கள் என்று சொல்கிறது, அம்பு திரும்பவில்லை.

அடுத்து "ஆலும்". "மழை பெய்தாலும் ஆனித் தேர் ஓடும்." இது மழையை நிபந்தனையாகவே வைக்கவில்லை. பெய்தாலும் ஓடும், பெய்யாவிட்டால் ஓடும் என்பதைச் சொல்லவே வேண்டாம். கடைசியில் மிஞ்சுவது "தேர் ஓடும்" என்ற பிற்கூறு மட்டும். "ஆலும்" என்ற உம்மை நிபந்தனையைக் கழற்றிவிடுகிறது.

ஓர் எழுத்து, இரண்டு எழுத்து ஒட்டை வைத்து மூன்று வேறு தருக்க வடிவங்களைத் தமிழ் பிரித்து வைத்திருக்கிறது. இவ்வளவு துல்லியமான கருவி நம் வாயிலேயே இருக்கும்போது, குறியீட்டைப் பார்த்துப் பயப்படுவானேன்?

தேவையான நிபந்தனை, போதுமான நிபந்தனை?

மேலே சொன்னதுதான், வேறு பெயரில். "ஆல்" என்றால் போதுமானது. "ஆல்தான்" என்றால் தேவையானது. திருநெல்வேலி அல்வாவுக்குக் கோதுமைப் பால் தேவை; கோதுமைப் பால் இல்லாமல் அந்த அல்வா இல்லை. ஆனால் கோதுமைப் பால் மட்டும் போதாது. சர்க்கரை, நெய், கை ஓயாமல் கிண்டும் ஆள், எல்லாம் வேண்டும்.

மூலமும் மறுதலையும் ரெண்டும் மெய்யா இருந்தா?

அதற்குப் பெயர் இரு நிபந்தனைக் கூற்று. "அப்போது, அப்போது மட்டுமே" என்று புத்தகத்தில் வரும். இதை நான் பலகையில் சொல்லிக்கொடுப்பதைவிடக் கொத்தனாரிடம் பார்ப்பது நல்லது.

அஸ்திவாரம் தோண்டுமுன் மூலைமட்டம் பார்ப்பார்கள். மூலையிலிருந்து ஒரு கயிற்றில் 3 அடி குறி, மற்றதில் 4 அடி குறி. இரண்டு குறிக்கும் நடுவே டேப் பிடித்தால் 5 அடி வர வேண்டும். வந்தால் மூலை சரி. இங்கே அவர் பயன்படுத்துவது பிதாகரஸ் தேற்றம் என்று எல்லோரும் சொல்வார்கள். இல்லை, அதன் மறுதலை. தேற்றம் சொல்வது "செங்கோணம் இருந்தால் பக்கங்கள் இப்படிப் பொருந்தும்" என்பது. கொத்தனார் பக்கங்களைத் தெரிந்துகொண்டு கோணத்துக்குப் போகிறார். யூக்ளிட் தன் முதல் புத்தகத்தில் தேற்றத்தை 47-ஆவதாகவும், மறுதலையை 48-ஆவதாகவும் தனித்தனியே நிறுவினார். ஒன்றை நிறுவினால் மற்றது தானாக வந்துவிடாது என்று அவருக்குத் தெரியும்.

இன்னும் ஒன்று. டேப்பில் 5 அடி 1 அங்குலம் வந்தால் கொத்தனார் கயிற்றைத் தள்ளிக் கட்டச் சொல்வார். அப்போது அவர் கையாள்வது தேற்றத்தின் எதிர்மறுதலை: பக்கங்கள் பொருந்தவில்லை, ஆகவே செங்கோணம் இல்லை. சரி என்று தலையாட்டும்போது மறுதலை, தப்பு என்று கை காட்டும்போது எதிர்மறுதலை. இரண்டும் மெய்யாக இருப்பதால்தான் வீடு கோணாமல் நிற்கிறது.

நிபந்தனைக் கூற்றோட மறுப்பு என்ன? எதிர்மறைதானே?

இல்லை. இந்தத் தவறுக்குத் தேர்வில் மதிப்பெண் போவதை நிறையப் பார்த்திருக்கிறேன். "கொடைக்கு வந்தா பாவாடை தாரேன்" என்பதை மறுப்பவர் "வராவிட்டால் தர மாட்டேன்" என்று சொல்வதில்லை. "பிள்ளை வந்தாள், ஆனா மாமா தரலை" என்கிறார். மறுப்பில் "ஆல்" இருக்காது. "க" நடந்தது, "ச" நடக்கவில்லை என்ற இரண்டு செய்திகளின் சேர்க்கை அது.

நாலு சீட்டு கேள்வி ஒண்ணு இருக்காமே?

பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 1966-இல் வெளியிட்டது. நம் எழுத்தில் சொல்கிறேன். மேசை மேல் நான்கு சீட்டு. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். கண்ணுக்குத் தெரிவது: அ, க, 4, 7. விதி: "ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால், மறுபக்கம் இரட்டை எண்." விதி மெய்யா என்று பார்க்க எந்தச் சீட்டுகளைத் திருப்ப வேண்டும்?

பெரும்பாலோர் "அ"வையும் 4-ஐயும் சொல்வார்கள். சரியான விடை "அ"வும் 7-உம். 4-க்குப் பின்னால் என்ன இருந்தாலும் விதி உடையாது. 7-க்குப் பின்னால் உயிரெழுத்து இருந்தால் உடையும்.

இப்போது அதே கேள்வியை டவுண் பஸ்ஸில் ஏற்றுவோம். 2021 மே மாதம் முதல் சாதாரண டவுண் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. விதி: "வயது வந்த ஆண் என்றால், காசு கொடுத்து வாங்கிய டிக்கெட் இருக்க வேண்டும்." (பாஸ், மற்ற சலுகைகளை ஒதுக்கி வைப்போம்.) செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறுகிறார். ஓர் ஆண் நிற்கிறார், கையில் என்ன என்று தெரியவில்லை. ஒரு பெண் நிற்கிறார். கூட்டத்துக்குள்ளிருந்து நீளும் ஒரு கையில் காசு கொடுத்த டிக்கெட் தெரிகிறது, ஆள் தெரியவில்லை. "என்கிட்ட அந்த டிக்கெட் இல்ல" என்று ஒரு குரல் வருகிறது, ஆள் தெரியவில்லை. யாரைச் சோதிப்பார்? ஆணையும், டிக்கெட் இல்லை என்றவரையும். இதை என் வகுப்பில் தப்பாகச் சொன்ன பிள்ளை இல்லை. சீட்டில் தடுமாறிய அதே பிள்ளைகள்தான். வடிவம் ஒன்றே, விதியை மீறுபவரைத் தேடிப் பழகிய இடத்தில் மூளை எதிர்மறுதலையைத் தானே செய்துவிடுகிறது. சீட்டு, குறியீடு என்று மாட்டிக்கொள்ளும்போது "இந்த விதியை யார் மீற முடியும்?" என்று கேட்டுப் பாருங்கள்.

இதெல்லாம் படிச்சு வாழ்க்கையில என்ன ஆகப் போகுது?

என்னிடம் படித்த ஒரு பெண் கல்லூரியில் சேரப் போனாள். அலுவலகப் பலகையில் "முதல் பட்டதாரிச் சான்று இருந்தால் கட்டணச் சலுகை உண்டு" என்று எழுதியிருந்தது. அவளிடம் அந்தச் சான்று இல்லை. அவள் அக்கா ஏற்கெனவே பட்டம் வாங்கியவள். ஜன்னலில் இருந்தவர் "சான்று இல்லியா, அப்பம் சலுகை கிடையாதும்மா" என்று அனுப்பிவிட்டார். வேறொரு உதவித்தொகை விதியில் அவளுக்குச் சலுகை இருந்தது. அதைக் கேட்காமலேயே திரும்பி வந்துவிட்டாள். நான் விஷயம் தெரிந்து ஓடுவதற்குள் கடைசித் தேதி முடிந்துவிட்டது. அந்த வருஷக் கட்டணத்தை அவள் அப்பா கடன் வாங்கிக் கட்டினார்.

பலகையில் இருந்தது "இருந்தால்". ஜன்னலில் இருந்தவர் வாசித்தது "இருந்தால்தான்". அந்தப் பிள்ளையும் அப்படியே வாசித்தாள், அவள் என் மாணவி. அதிலிருந்து நான் இந்தப் பாடத்தை மூன்று நாளில் முடிப்பதில்லை. அறிவிப்பு, விண்ணப்பப் படிவம், கடன் பத்திரம், எதைப் பார்த்தாலும் "ஆல்" வரும் இடத்தில் பென்சிலால் அடிக்கோடு போடச் சொல்கிறேன். "தான்" இருக்கிறதா? இல்லையென்றால், "வேறு வழி உண்டா?" என்று ஜன்னலில் வாய்விட்டுக் கேட்கச் சொல்கிறேன்.

"பெய்திருந்தால்", "இருந்திருந்தால்"னு வர்ற வாக்கியத்துக்கும் இந்த அட்டவணை பொருந்துமா?

பொருந்தாது. 2023 டிசம்பர் 17, 18 மழையை எங்கள் ஊர்ப் பக்கம் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவில் பெய்தது. தாமிரபரணி திருநெல்வேலி ஜங்ஷன் வரை ஏறி வந்தது. அதன் பிறகு டீக்கடையெல்லாம் ஒரே பேச்சு: "அணை காலியா இருந்திருந்தா இவ்வளவு வெள்ளம் வந்திருக்காது." இன்னொருவர்: "காலியா இருந்திருந்தாலும் வந்திருக்கும்."

அணைகள் அன்று காலியாக இல்லை. முற்கூறு பொய். அட்டவணைப்படி பார்த்தால் முதல் ஆள் சொன்னதும் மெய், அவருக்கு எதிராகச் சொன்னவர் சொன்னதும் மெய். அப்படி ஒரு தீர்ப்பால் யாருக்கும் பயனில்லை. நடக்காத ஒன்றைப் பேசும் இந்த வாக்கியங்களுக்கு ராபர்ட் ஸ்டால்னேக்கர் 1968-லும் டேவிட் லூயிஸ் 1973-லும் வேறு வழி சொன்னார்கள். மற்றதெல்லாம் கூடியவரை அன்று இருந்தபடியே இருக்க, அணை மட்டும் காலியாக இருந்த ஓர் உலகத்தை நினைத்துப் பார். அங்கே வெள்ளம் வருகிறதா என்று கேள். அதற்கு விடை சொல்ல அட்டவணை உதவாது. அன்று எத்தனை கன அடி வந்தது, அணைகள் எவ்வளவைப் பிடித்து நிறுத்தியிருக்கும், அணைக்குக் கீழே பெய்து நேராக ஆற்றில் சேர்ந்தது எவ்வளவு என்ற கணக்கு வேண்டும்.